ஜீன்ஸ் கவுனும் கோயில் வாசலும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. திட்டணும்னு தோணினா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

நான் இங்க கிள்ளான் பக்கம் ஒரு கோயில்ல 11 வருஷமா தொண்டு செய்றேன். எந்தக் கோயில்னு சொல்லப் போறதில்ல. ஏன்னா இது ஒரு கோயிலோட பிரச்சனை மட்டும் இல்ல. அன்னதானத்துக்கு காய் வெட்டுறது, பாத்திரம் கழுவுறது, வெள்ளிக்கிழமைன்னா அர்ச்சனைச் சீட்டு மேசையில உட்கார்றது, இதுதான் என் வேலை. அதுக்கு முன்னாடி 22 வருஷம் தையல் வேலை பார்த்தேன். அதை ஏன் சொல்றேன்னு பின்னாடி புரியும்.

ரெண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சாயங்கால பூஜைக்கு மணி அடிக்கிற நேரம். ஒரு பொண்ணு, 25 வயசு இருக்கும், கையில அர்ச்சனைத் தட்டோட வந்துச்சு. தலையை ஒழுங்கா வாரிப் பின்னி, நெத்தியில பொட்டு. வேலையிடத்து அட்டையை இன்னும் கழுத்துல இருந்து கழட்டல. போட்டிருந்தது ஜீன்ஸ் துணியில தைச்ச ஒரு கவுன்.

வாசல்ல நின்ன எங்க தொண்டர் ஒருத்தர் நிறுத்திட்டார்.

"தங்கச்சி, ஜீன்ஸ் போட்டு உள்ள வரக்கூடாது. போர்டு பாக்கலையா?"

அந்தப் பொண்ணு கோவப்படல. "அண்ணே, இது சிலுவார் இல்ல, கவுன். வேலை முடிஞ்சு நேரா வர்றேன். நாளைக்கு காலைல அப்பாவுக்கு ஆபரேஷன். அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை மட்டும் செஞ்சிட்டுப் போயிடுறேன்."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா."

வீடு எங்கேன்னு அவர் கேக்கல. பூஜை முடியறதுக்குள்ள போய்ட்டு வர முடியுமான்னும் கேக்கல. அந்தப் பொண்ணு பக்கத்துல வந்த ஒரு ஆண்ட்டிகிட்ட தட்டைக் கொடுத்து, அப்பா பேரு, நட்சத்திரம் சொல்லி அனுப்பிட்டு, கார் நிறுத்துற இடத்துல நின்னு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. தட்டு திரும்பி வந்ததும் திருநீறை எடுத்து பூசிக்கிட்டு, மீதியைக் காகிதத்துல மடிச்சு கவுன் பையில வச்சுக்கிட்டு கிளம்பிடுச்சு.

நான் எட்டடி தள்ளி சீட்டு மேசையில உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கல. கூட தொண்டு செய்றவரை நாலு பேர் முன்னாடி எப்படி எதிர்த்துப் பேசுறதுன்னு ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு மன்னிப்பு கேக்கத்தான் இந்தப் பதிவு. அவரை மட்டும் குத்தம் சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது.

இப்ப அந்தக் கவுனைப் பத்தி சொல்றேன். தையல்காரி கண்ணு, சும்மா இருக்காது. கழுத்து மேல வரைக்கும் பித்தான். கை முழங்கைக்குக் கீழ. நீளம் முழங்காலைத் தாண்டி கெண்டைக்காலுக்குப் பாதி. உடம்பை இறுக்காம, இடுப்புல ஒரு துணிக் கச்சை மட்டும். ஜரிகை இல்ல, எழுத்து இல்ல, படம் இல்ல. பக்கத்துத் தையல்ல ரெண்டு துணி ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடக்கி, மேல ரெண்டு வரி ஓட்டியிருந்தாங்க. பிரிஞ்சு வராது. ஜீன்ஸ் துணியில அப்படி மடக்கினா தையல் சேர்ற இடம் மொத்தமாயிடும். 16-ஆம் நம்பர் ஊசி போட்டாலே சில நேரம் டக்னு ஒடிஞ்சிடும். அந்த இடத்துல நிதானமா ஓட்டத் தெரிஞ்ச கை தைச்ச துணி அது. வருஷக்கணக்குல உழைக்கும்.

சிலுவாருக்கு எடுக்கிற துணி சதுர கெஜத்துக்கு 12, 14 அவுன்ஸ் வரும். இது அதைவிட மெல்லிசு. நம்ம ஊரு வெயிலுக்குப் போடலாம். வேலைக்கும் போடலாம், நாலு பேர் வீட்டுக்கும் போகலாம். பத்து சேலை வாங்கி அலமாரியில அடுக்க முடியாத பொண்ணு, காசை எண்ணி ஒரு நல்ல துணி எடுத்தா அது இப்படித்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் பை வேற. சேலையிலயும் பஞ்சாபி சூட்டுலயும் நமக்கு இல்லாத வசதி.

அதே நேரத்துல உள்ள யார் யார் இருந்தாங்க தெரியுமா? முதுகுல ரெண்டு கயிறு மட்டும் உள்ள ரவிக்கையோட பட்டுச்சேலை கட்டின அக்கா ஒருத்தர். காற்பந்து ஜெர்சியும் முக்கால் சிலுவாரும் போட்ட தம்பி ஒருத்தர். யாரும் தடுக்கல. தடுத்திருக்கணும்னு நான் சொல்லவும் இல்ல. முழுசா மூடி வந்த பொண்ணு வெளிய, இவங்க உள்ளன்னா, நாம அளந்தது அடக்கத்தையா துணியோட பேரையா? அதுதான் என் கேள்வி.

போர்டுல "ஜீன்ஸ்"னு எழுதினப்ப எழுதினவங்க மனசுல இருந்தது உடம்போட ஒட்டின சிலுவார். முழங்கால்ல கிழிச்சு விட்ட சிலுவார். அந்த நோக்கம் எனக்குப் புரியுது. வாசல்ல நின்னவர் பார்த்தது நீலத் துணியை. எழுத்து நின்னுச்சு, நோக்கம் போயிடுச்சு.

இந்த மாதிரி பட்டியலுக்கு எல்லாரும் தமிழ்நாட்டைக் காட்டுவாங்க. சேலை, தாவணி, துப்பட்டாவோட சுடிதார், இதுதான்னு புலனத்துல சுத்திக்கிட்டே இருக்கும். 2015 நவம்பர்ல உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளையில ஒரு நீதிபதி அப்படி உத்தரவு போட்டது உண்மை. 2016 ஜனவரி 1-ல இருந்து அறநிலையத்துறை கோயில்கள்ல அது அமலுக்கும் வந்துச்சு. ஆனா அதே ஜனவரியில ரெண்டு நீதிபதி அமர்வு அதுக்குத் தடை போட்டுடுச்சு. முதல் பாதி மட்டும்தான் நம்ம கைப்பேசிக்கு வந்து சேர்ந்துச்சு.

"அது வெள்ளைக்காரன் துணி, கோயிலுக்கு ஆகாது"ன்னு எங்க சமையல்கட்டுலயே ஒரு அக்கா சொன்னாங்க. சரி, அதையும் பார்ப்போம். இந்தத் துணிக்கு நீளவாக்குல ஓடுற நூல் நீலம், குறுக்கு நூல் வெள்ளை. அதனாலதான் வெளிப்பக்கம் நீலமாவும் உள்பக்கம் வெளுப்பாவும் தெரியுது. அந்த நீலத்துக்குப் பேரு இண்டிகோ. அந்தப் பேரே இந்தியாங்கிற பேருல இருந்து வந்தது. நம்ம பாஷையில அவுரி. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜெர்மனிக்காரங்க ரசாயனத்துல செய்யக் கத்துக்கிற வரைக்கும், அவுரி மாதிரி செடியில இருந்துதான் அந்தச் சாயம் எடுத்தாங்க. தமிழ்நாட்டுலயும் அவுரி விளைஞ்சுச்சு. இன்னும் கேளுங்க. ஆங்கிலத்துல டங்கரீன்னு ஒரு முரட்டுத்துணிக்குப் பேரு. அது மும்பையில இருக்கிற டோங்கிரிங்கிற இடத்துப் பேருல இருந்து வந்தது. ஆக இந்தத் துணிக்கும் நமக்கும் ஒட்டு உறவே இல்லன்னு சொல்ல முடியாது.

ஆனா எனக்கு முக்கியமா பட்டது இன்னொண்ணு. ஜீன்ஸ் முதல்ல பணக்காரன் உடுப்பு இல்ல, கூலிக்காரன் உடுப்பு. அமெரிக்காவுல ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர். உழைக்கிறவங்க சிலுவார்ப் பை அடிக்கடி கிழியுதுன்னு, பை ஓரத்துல செம்பு ஆணி அடிச்சுக் கொடுத்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோட சேர்ந்து 1873 மே 20-ல அதுக்கு உரிமம் வாங்கினார். உழைச்சு வேர்க்கிற உடம்புக்காகத் தைச்ச துணி அது.

நம்ம நாட்டுல கோயில் கட்டினது யாரு? பால்மரம் வெட்டினவங்க. சஞ்சிக்கூலியா வந்து ரயில் பாதை போட்டவங்க, ரோடு போட்டவங்க. எங்க பாட்டி தோட்டத்துல பால் வெட்டினவங்க. காலைல மரத்துக்குப் போறப்ப கிழிஞ்ச கைலியும் தாத்தாவோட பழைய நீளக்கைச் சட்டையும்தான் அவங்க உடுப்பு. ரப்பர் பால் கறை போகவே போகாது. போற வழியில மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவாங்களாம். அந்தக் கைலியைப் பார்த்து ஆத்தா முகத்தைத் திருப்பிக்கிட்டதா பாட்டி ஒருநாளும் சொன்னதில்ல. வேலை உடுப்போட வந்தவங்க கட்டின கோயில்ல, வேலை முடிஞ்சு வந்த பேத்தியை நாம வெளிய நிறுத்துறோம்.

இப்ப எதிர்ப்பக்கம் சொல்றதையும் நியாயமா சொல்லணும். கோயிலுக்குன்னு ஒரு மரியாதை உண்டு. குளிச்சு, நல்ல துணி கட்டிக்கிட்டு வந்தா மனசும் அடங்குது. இதை நானும் நம்புறேன். விசேஷ நாள்ல சேலை கட்டாம எனக்குக் காலே வெளிய வராது. அதை நம்ம பிள்ளைங்களுக்கு வீட்டுல சொல்லிக் கொடுக்கணும். வாசல்ல வெக்கப்படுத்திக் கொடுக்க முடியாது.

இன்னொண்ணு, தோல். ஜீன்ஸ் சிலுவார்ல பின்னாடி தோல்ல ஒரு அட்டை தைச்சிருப்பாங்க. மாட்டுத்தோலோட கருவறைக்குப் பக்கத்துல போகக்கூடாதுன்னு சொன்னா, அது நியாயமான பேச்சு. ஆனா அந்தக் கவுன்ல தோலே இல்ல. தோல் இருந்தது தடுத்தவர் இடுப்பு பெல்ட்டுல.

"இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு என்னென்னமோ வரும்"னு பயப்படுறாங்க. அதுக்குத்தான் தெளிவா ஒரு அளவு வேணும்னு சொல்றேன். துணிப் பேரை எழுதினா இந்தச் சண்டை முடியாது, வருஷத்துக்கு ஒரு புதுத் துணி வரும். தோள், முதுகு, முழங்கால் மூடியிருக்கணும்னு எழுதினா எல்லாருக்கும் புரியும்.

இன்னொரு ஞாபகம். 2015-ல ஒரு அரசாங்க அலுவலகத்துல, பாவாடை கட்டையா இருக்குன்னு ஒரு சீனப் பெண்மணிக்குக் கைலி கொடுத்து கட்டச் சொன்னாங்க. நாடே பேசுச்சு. "பொம்பளைங்க உடுப்புதான் இவங்களுக்குக் கண்ணை உறுத்துதா"ன்னு நம்ம ஆளுங்களும் கேட்டோம். 2018 தைப்பூசத்துக்கு முன்னாடி, ஒழுங்கா உடுத்தாம வர்ற பெண்கள் மேல சாயம் அடிப்போம்னு முகநூல்ல ஒரு கூட்டம் கிளம்பினப்பவும் நாம கொதிச்சோம். அடுத்தவன் செஞ்சா அநியாயம், நம்ம வாசல்ல நடந்தா கட்டுப்பாடா?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா அழகில்ல. எங்க செயலவைக்கு நான் எழுதிக் கொடுத்ததை இங்கயும் சொல்றேன். உங்க கோயிலுக்கும் பொருந்தும்னா எடுத்துக்குங்க.

போர்டை மாத்துங்க. "அணியக்கூடாது"ன்னு நீளப் பட்டியல் வேணாம். தோள், முதுகு, முழங்கால் மூடிய சுத்தமான உடைன்னு ஒரே வரி போதும். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் அதே வரி. தமிழ், மலாய், ஆங்கிலம் மூணுலயும் போடுங்க.

செருப்பு வைக்கிற இடத்துல துவைச்ச கைலி பத்து, சால்வை பத்து வைங்க. சுற்றுப்பயணிகளுக்குப் பத்துமலையில துணி கொடுத்து மூடச் சொல்றாங்கல்ல? வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்டுற பொறுமையை நம்ம பிள்ளைங்களுக்கும் காட்டலாம். துவைக்கிற பொறுப்பு என்னோடது. வாரா வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் துவைச்சுக் கொண்டு வர்றேன்.

வாசல்ல பேசுறதுக்கு வயசான ஒரு அம்மாவை உட்கார வைங்க. பொண்ணுங்க உடுப்பைப் பத்தி ஆம்பளைங்க நாலு பேர் முன்னாடி சத்தமா பேச வேணாம். "வா கண்ணு, இதைப் போர்த்திக்கிட்டு உள்ள போ"ன்னு சொன்னா எந்தப் பொண்ணும் மூஞ்சைத் திருப்பாது. "வெளிய போ"ன்னு மட்டும் யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது.

மகாநாட்டுலயும் ஆண்டுக்கூட்டத்துலயும் இளைஞருங்க கோயிலுக்கு வர்றதில்லன்னு ஒவ்வொரு வருஷமும் பேசுறோம். வந்த ஒண்ணையும் தட்டோட வெளிய நிக்க வச்சோமே, அதை எந்த அறிக்கையில எழுதுவோம்?

செயலவைல இன்னும் முடிவு சொல்லல. அடுத்த கூட்டத்துல பேசுறோம்னு தலைவர் சொல்லியிருக்கார். தடுத்த அந்தத் தொண்டர்கிட்டயும் தனியா பேசினேன். நல்ல மனுஷன்தான். விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து கோயில் கூட்டுறவர். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்பா ஆபரேஷன்னு சொன்னதை நான் சரியா காதுல வாங்கல அக்கா"ன்னார்.

அதுக்கப்புறம் வந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் நான் வாசலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு வரல. சீட்டுப் புத்தகத்துல அவங்க அப்பா பேரும் நட்சத்திரமும் மட்டும் இருக்கு. ரெண்டு வாரமும் அந்தப் பேருக்கு நானே ஒரு அர்ச்சனை செஞ்சேன்.

தங்கச்சி, யார் மூலமாவது இந்தப் பதிவு உன் கண்ணுல பட்டா, அப்பா எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை எழுதும்மா. வெள்ளிக்கிழமை வா. அதே கவுனைப் போட்டுக்கிட்டு வா. நான் எழுந்து வந்து கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்.

ஓம் சரவணபவ.