கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்

எமது நாட்டில் பழம்பொருள்களைக் காத்துவைக்கும் இடத்துக்கு நூதனசாலை என்று பெயர். நூதனம் என்றால் புதுமை. பழமை உறையும் வீட்டுக்குப் புதுமையின் பெயர் வந்தது எவ்வாறு? உழுதவனுக்குக் கலப்பை நூதனம் அன்று. வாவியில் கரப்புக் குத்தி மீன் பிடித்தவனுக்குக் கரப்பு நூதனம் அன்று. உழாதவனும் மீன் பிடிக்காதவனும் வந்து பார்த்தபோதுதான் அவை நூதனமாயின. ஆகவே, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வி வாயிற் பலகையிலேயே தொடங்கிவிடுகிறது.

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய தேசாதிபதி வில்லியம் கிரகரியின் சிலை இன்றும் அதன் முன்றிலில் நிற்கிறது. கட்டிடத்தை எழுப்பிய வாப்பிச்சி மரிக்காரின் பெயரை அறிந்தவர் சிலரே. அவருக்குக் கீழ் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் பெயரை அறிந்தவர் எவருமில்லர். ஆணையிட்டவனுக்குச் சிலை, கட்டியவனுக்கு ஒரு வரி, சுமந்தவனுக்கு மௌனம்! ஒன்றரை நூற்றாண்டாக இந்த வரிசை மாறவில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. கதிரவன் மறையும் பக்கமாதலால் வாவியின் இக்கரையைப் படுவான்கரை என்கிறோம். வயலும் வாவியும் காடுமே இங்குள்ள மக்களின் வாழ்வு. இம்மண்ணின் மாணவர் சிலரோடு நாம் விடுமுறை நாட்களில் ஓர் அரும்பொருட் சேகரத்தின் பின்னறையில் தொண்டு புரிந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாம் சொல்லப்போகும் குறை ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று.

பின்னறையின் வேலை பார்வையாளர் அறியாத வேலை. மென்தூரிகையால் தூசி நீக்க வேண்டும். கறையான் ஏறிய மரத்தைப் பிரித்து வைக்க வேண்டும். வாவியின் உப்புக்காற்றில் துருவேறும் இரும்பை ஈரம் அணுகாமல் காக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் அளந்து, எண்ணிட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். இவ்வேலை நின்றால் முன்னறையின் கண்ணாடிப் பெட்டிகள் சில ஆண்டுகளில் குப்பைத்தொட்டிகளாகும். ஆயினும் திறப்புவிழாக் கல்லில் பொறிக்கப்படுவது நாடாவை வெட்டியவரின் பெயரே.

பதிவேட்டில் ஒரு குறிப்பைக் கண்டோம்: ‘மூன்று கால்களுள்ள மரப்பொருள். பயன் தெரியவில்லை.’ எம்முடன் வந்த மாணவி ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சூடடித்த நெல்லைக் காற்றில் தூற்ற அவளுடைய பாட்டனார் ஏறிநின்ற முக்காலி அது! களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் ‘பொலி’ என்றே சொல்ல வேண்டும் என்பதும், களத்துக்கென்றே தனியொரு பேச்சு இருந்தது என்பதும் அவள் வீட்டில் கேட்டறிந்தவை. படித்தவர்களுக்குத் தெரியாத பயன், பாலத்துக்கு இப்புறமுள்ள ஒரு குடிசையில் அன்றாடச் செய்தியாக இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், எவரும் கேட்கவில்லை. பதிவேட்டில் கொடுத்தவரின் பெயருக்கு இடமிருந்தது. கிடைத்த இடத்துக்கும் இருந்தது. செய்தவர், பயன்படுத்தியவர் பெயர்களுக்கு இடமே இல்லை.

இனித் தொண்டு என்ற சொல்லுக்கு வருவோம். 1958இல் நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் கனதொலுவ என்ற கிராமத்துக்குச் சென்றார். அங்கிருந்துதான் சிரமதானம் ஓர் இயக்கமாக வளர்ந்தது. கிராமத்தவனின் மண்வெட்டி அவனுடைய ஊருக்காக உழைக்குமானால் அது தானம். சம்பளம் கொடுத்து ஆளை நியமிக்கக் கடமைப்பட்டவர்கள் அக்கடமையைக் கழிப்பதற்காக இளைஞரின் உழைப்பைக் கேட்பார்களானால் அதற்குத் தானம் என்று பெயரில்லை. நன்றியுரையால் மூடிய கூலித்திருட்டு என்றே பெயர்.

இது ஆசிரியர்களுக்குப் புதிய செய்தியா? வடக்கிலும் கிழக்கிலும் போர் ஆண்டுகளில் தொண்டர் ஆசிரியர்கள் உழைத்தார்கள். நியமனம் பெற்றவர் வரத் தயங்கிய பாடசாலைகளின் கதவுகளை அவர்களே திறந்து வைத்தார்கள். 2009இல் போர் முடிந்த பின்னரும், நிரந்தர நியமனம் கேட்டு அவர்களுட் பலர் வீதியில் நிற்க நேர்ந்தது. தொண்டு என்று போற்றியவர்களே, உரிமை என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அப்படியானால் சம்பளம் வரும்வரை பொருள்கள் அழியட்டும் என்கிறீர்களா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியில் கூரையோடு பறந்தவை எத்தனை! 2007இல் படுவான்கரை மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்றவை எத்தனை! கூத்துக் கொப்பிகள் அண்ணாவிமாரின் பெட்டிகளில் உக்குகின்றன. அறுவடை இயந்திரம் வந்தபின் களத்துக் கருவிகள் அடுப்புக்குள் போகின்றன. காலம் எவருடைய நியமனக் கடிதத்துக்கும் காத்திராது. எனவே போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பின்னறைக்குப் போங்கள், ஆனால் நிபந்தனையோடு போங்கள் என்கிறோம்.

நல்ல வழிகாட்டி இல்லாமலில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து, எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்தது. அங்கே தொண்டின் பயன் பூட்டிய பெட்டிக்குள் அடங்கவில்லை. கொடுத்த மக்களிடமே திரும்பிவந்தது. தொண்டுக்கு உரைகல் இதுவே.

நமது நிபந்தனைகள் பெரியனவல்ல. பதிவேட்டில் செய்தவர், பயன்படுத்தியவர், விளக்கம் சொன்னவர், எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற வேண்டும். பொருள் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பாடசாலையில் பதிவேட்டின் படியொன்று இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் தேவைப்படும் வேலைக்குச் சம்பளமுள்ள பதவி உண்டாக வேண்டும். அப்பதவிக்கு, வேலையைப் பழகிய இக்கரைப் பிள்ளைகளையும் கருத வேண்டும். இவற்றை எழுத்தில் கேட்போம். மறுப்பவரிடம் காரணத்தையும் எழுத்திலேயே கேட்போம்.

அந்த மாணவி, ‘பயன் தெரியவில்லை’ என்பதை அடித்துவிட்டுப் பயனை எழுதினாள். கீழே பாட்டனாரின் பெயரையும் எழுதினாள். அதற்கென ஓர் இடம் அங்கில்லாமையால் ஓரத்தில் எழுதினாள். உழைப்பவனின் பெயர் ஓரத்திலிருந்து நடுப்பக்கத்துக்கு வரவேண்டும். ஆசிரியர்களே, மாணவர்களே, எழுதுகோல் நம் கையில்தான் இருக்கிறது!