ஆடலும் கோடும்

நடனத்தை ஓவியத்தில் அமைப்பது எவ்வாறு என்னும் வினாவிற்குப் பலர் கமராவையே விடையாகக் காட்டுகின்றனர். நிழற்படமொன்றை முன்வைத்து, அணியும் ஆடை மடிப்பும் பிறழாது வரைந்துவிட்டால் நடனம் கைவந்துவிட்டது என்பது அவர்தம் எண்ணம். இதனை நான் ஏற்பதற்கில்லை. அத்தகைய படங்களில் ஆடை உண்டு, அணி உண்டு, ஆடல் இல்லை.

பிரெஞ்சுச் சிற்பி ஓகுஸ்த் றோடினின் கோட்டோவியங்களை இதற்குச் சான்றாகக் கொள்வேன். 1906ஆம் ஆண்டில் கம்போடிய மன்னர் சிசோவாத்துடன் அந்நாட்டு அரசவை நடன மகளிர் பிரான்ஸ் சென்றனர். பாரிஸில் அவர்தம் ஆடலைக் கண்ட றோடின், 65 வயதிலும், அவர்களைப் பின்தொடர்ந்து மார்செய் நகர்வரை சென்றார். சில நாள்களுள் ஏறத்தாழ 150 ஓவியங்கள் பிறந்தன.

அவருடைய கண் ஆடுபவரை விட்டு அகலாது. தாளைப் பாராமலே பென்சில் ஓடும். நீர்வண்ணம் பின்னரே வரும். எனவே, முகம் சில கீறல்களோடு நின்றுவிடும். ஒரு கைக்கு இரண்டு மூன்று கோடுகள் விழுந்திருக்கும். பிழையென நாம் திருத்த முனையும் அவ்விடங்களிலேதான் கை அசைகிறது. நிழற்படம் காலத்தை அறுத்து நிறுத்துகிறது, காலமோ நிற்பதில்லை, ஆதலால் உண்மை கூறுபவன் கலைஞனே என்பது 1911இல் வெளிவந்த உரையாடல் நூலில் அவர் நாட்டிய கருத்து.

அதே றோடின், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமத்தை நிழற்படங்களிற் கண்டன்றோ வியந்தெழுதினார் என்று வினவலாம். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தோடு ஒரே தொகுதியில் 1921இல் அக்கட்டுரை வெளியாயிற்று என்பதும் மெய்யே. ஆனால், தூக்கிய திருவடியிலும் வீசிய கரத்திலும் அசைவை வைத்தவன் சோழநாட்டுச் சிற்பி, கமரா அன்று.

கோடு தறிகெட்டு ஓடலாம் என்று நான் கூறவில்லை. அரைமண்டியில் உடலின் பாரம் எங்கே தங்குகிறது, கை நீளுமுன் தோள் எவ்வாறு எழுகிறது என்பவற்றை அறியாதவன் கோடு வெறும் கிறுக்கலே. அவ்வறிவு நிழற்படத்தைப் பார்த்தெழுதுவதால் வராது.

சித்திர ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: மாணவரை நடன ஒத்திகைக்கு அழைத்துச் செல்லுங்கள். அழிறப்பர் வீட்டிலேயே இருக்கட்டும். ஓர் அடவு முடிவதற்குள் ஓர் உருவம் வரையச் சொல்லுங்கள். தாள்கள் பல வீணாகும். ஆயினும், பார்க்கப் பழகிய கண் மிஞ்சும். ஓவியக் கல்வியின் பயன் அதுவே.