கப்பல் போன பிறகு

எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் தன்முன்னேற்ற நூல்களுக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது. இலக்கை அடைவது எப்படி, எண்ணத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்கிற மாதிரி தலைப்புகள். அட்டையில் கோட் சூட் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். இந்த வகைப் புத்தகத்தைத் தமிழுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர், வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டுக் கைதி உடை போட்டவர். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர்.

கப்பலோட்டிய தமிழன் என்று வ.உ.சி.யை எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கே இன்று அவர் பெயர்தான். ஆனால் அவர் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பது பலருக்குத் தெரியாது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-ல் ஒரு சின்னஞ்சிறு நூல் எழுதினார். மனிதன் எதை நினைக்கிறானோ அதுவாகவே ஆகிறான், அவன் வாழ்வு அவன் எண்ணங்களின் விளைச்சல் என்பது அதன் சாரம். சிறையில் இருந்தபடியே அதை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார் வ.உ.சி. ஆலனின் வேறு நூல்களும் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று அவர் கையால் தமிழுக்கு வந்தன.

இங்கே ஒரு கேள்வி இடிக்கிறது. மனம் போலத்தான் வாழ்வு என்றால், அந்தச் செக்கு யார் நினைத்து வந்தது? வ.உ.சி.யைச் சிறையில் தள்ளியது அவர் மனமா, ஆங்கிலேய அரசா? தோற்றவனைப் பார்த்து 'உன் எண்ணம் சரியில்லை' என்று சொல்வதைப் போல எளிதான வேலை வேறில்லை. சணல் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் கைத்தோல் உரிந்தவரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவரோ அந்தப் புத்தகத்தைத்தான் தேடி எடுத்து மொழிபெயர்த்தார்.

அவர் இலக்கு வைத்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்து, வக்கீலாகி, 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. 'நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும்' என்று பொதுவாக நினைத்ததோடு அவர் நிற்கவில்லை. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இலக்கு என்றால் இப்படி எண்ணில் எழுதிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதலில் வாடகைக் கப்பல்தான். போட்டிக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். அவசரத்துக்கு இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார். இரவல் கப்பலில் காலம் தள்ள முடியாது, சொந்தக் கப்பல் வேண்டும் என்று அப்போது தெரிந்துவிட்டது. பங்குப் பணம் திரட்டப் பம்பாய்க்குப் போனார். கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. இந்தக் காலத்து ஆஃபர்களுக்கெல்லாம் தாத்தா!

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-ல் கைது. ஜூலையில் தீர்ப்பு: ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்ததற்கு இன்னோர் ஆயுள். அப்போது வயது 35. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைந்துவிட்டது. கப்பலும் போட்டிக்காரர் கைக்குப் போனது.

இதில் அவர் எண்ணத்தின் குற்றம் எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது. கப்பலை வீழ்த்தியவர்கள் யார் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகவும் தெரியவில்லை. அந்தக் கணக்கு அரசின் பெயரில் தனியாக இருந்தது. தன் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்தார். இத்தனை வருடச் சிறையில் என்னிடம் மிச்சம் இருப்பது என்ன, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கணக்கு அது. ஆலனை அவர் அந்தக் கணக்குக்காகத்தான் எடுத்தார் என்று கொண்டால், முன்னால் எழுந்த கேள்வி அவ்வளவாக இடிக்காது.

அதற்குச் சாட்சி அவரே எழுதிய 'மெய்யறிவு'. உடனிருந்த கைதிகளுக்கு நீதி சொல்ல வேண்டி, கண்ணனூர்ச் சிறையில் இருந்தபோது இயற்றிய நூறு வெண்பாக்கள். பத்து அதிகாரங்கள். அவற்றின் வரிசை கவனிக்கத் தக்கது. முதலில் தன்னை அறிதல். அடுத்து விதியின் இயல்பை அறிதல். மூன்றாவதாக உடம்பை வளர்த்தல். நான்காவதாகத்தான் மனத்தை ஆளுதல். அறம் செய்வது அதற்கெல்லாம் பிறகு ஏழாவது இடத்தில் வருகிறது. ஜனவரி முதல் தேதி டைரியில் நேராக நான்காவது படியில் கால் வைப்பவர்களே அதிகம். 'இனி கோபப்பட மாட்டேன், அதிகாலையில் எழுவேன்' என்று எழுதுவார்கள். நான் யார், என் கைக்கு எட்டுவது எது என்ற முதல் இரண்டு படிகளில் ஒரு மாதமாவது உட்கார யாருக்கும் பொறுமை இல்லை. உடம்பைப் பேணுவதை மூன்றாவதாக வைத்தவர் சிறைச் சோறு தின்றவர் என்பதையும் மறக்கக் கூடாது.

தன்னைப் பற்றிய நேர்மை அவருக்கு ஏட்டளவில் நின்றதா? 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வக்கீல் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்தார், எண்ணெய் விற்றார். ஒன்றும் ஓடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 1915-ல் இருவருக்கும் அதுபற்றிக் கடிதங்கள் போயின, வந்தன. அந்தப் பணம் வேண்டாம் என்று சொன்னால் இன்றைய நிலையில் எனக்கும் என் குடும்பத்துக்கும் தீங்கு செய்தவனாவேன் என்ற பொருளில் வ.உ.சி. எழுதினார். 10 லட்ச ரூபாய்க் கம்பெனியை நிறுத்திக்காட்டியவர், 347 ரூபாய் 12 அணாவுக்காக எழுதிய வரி இது. வீறாப்பாக மறுத்திருந்தால் ஊர் கைதட்டியிருக்கும், வீட்டில் உலை கொதித்திருக்காது. தன் நிலையை உள்ளபடி பார்ப்பது என்பதற்கு இதைவிடக் கடினமான பரீட்சை இருக்குமா என்பது சந்தேகம்தான். 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது.

பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அவருடைய உரிமத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தன் வீட்டில் தினமும் கூப்பிடும் பெயராக்கிக்கொண்டார். தன் வாழ்க்கையைத் தானே செய்யுளில் எழுதியபோதும், படிப்பைவிட விளையாட்டில் நாட்டம் போன சிறுவயதை அவர் ஒளிக்கவில்லை.

இன்னொரு கப்பல் அவர் விடவில்லை. அந்த இலக்கு முடிந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டு, வேறு வேலையை எடுத்துக்கொண்டார். சிறையில் படித்த தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, 1930-களில் மறுபடி தூத்துக்குடிக்கே வந்தார். கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்த அதே கரை. அவருடையது என்று அங்கே ஒரு கப்பலும் இல்லை.

1936-ல் உடல்நிலை மோசமானபோது ஓர் உயில் எழுதினார். எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கடன்களைப் பட்டியலிட்டார். நவம்பர் 18-ல், அந்த ஊர்க் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.