பண்டிகைக் கறிக்குப் பனீர் தேவையில்லை

பால், நெய், பனீர் இல்லாமல் பண்டிகைப் பந்தி களைகட்டாது, முழுத் தாவர உணவு வெளிநாட்டு மோகம் என்கிறார்கள். இந்த வாதம் பொங்கலன்று நெல்லைச் சீமை வீடுகளில் விரியும் இலைக்கு முன்னால் நிற்காது.

சர்க்கரைப் பொங்கலில் பாலும் நெய்யும் உண்டு, மறுக்கவில்லை. தொட்டுக்கொள்ளும் கறிகளைப் பாருங்கள். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, மொச்சை, அவரை, பூசணி, வாழைக்காய் என்று தை மாதச் சந்தையில் குவிவதே இலைக்கு வருகிறது. சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கி, குழையாமல் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, தேங்காயெண்ணெயில் கடுகும் உளுந்தும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும். அந்த மண்வாசனைக்கு நெய் எதையும் கூட்டிவிடாது.

சத்துக் குறைவு என்பதும் பொய். மொச்சையில் புரதம் நிறைய உண்டு. தேங்காய் கொழுப்பைத் தருகிறது. விளைந்த பருவத்திலேயே சமைப்பதால் ருசியும் முழுதாகக் கிடைக்கிறது.

நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சமைத்ததை இறக்குமதிச் சரக்கு என்று தள்ளுவது அநியாயம். வரும் பொங்கலுக்குப் பனீர் பொட்டலத்தை விட்டுவிட்டு, சிறுகிழங்கும் மொச்சையும் வாங்குங்கள்.