கும்மிடிப்பூண்டியிலிருந்து பரங்கிமலைக்கு

தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் சீருடையைப் போட்டாலே ராணுவ அதிகாரி ஆகிவிடலாம் என்று நம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கும் சிற்றுண்டிக்காகவே பிள்ளைகள் போகிறார்கள் என்று சிரிக்கும் பேராசிரியர்களும் உண்டு. இரு தரப்பாரும் விதிகளைப் படித்ததில்லை.

பிளஸ் 2 முடித்துக் கடக்வாஸ்லாவின் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர என்.சி.சி. தேவையே இல்லை. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி. எனப்படும் பணிகள் தேர்வு வாரிய நேர்காணலுக்கு 900. என்.சி.சி. சான்றிதழுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியோ பள்ளிக்கால விளையாட்டையும் தலைமைப் பொறுப்புகளையும் சேர்க்கையின்போதே எடைபோடுகிறது.

பட்டப்படிப்புக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண், என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, 19 முதல் 25 வரை வயது இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி.தான். தேறினால் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வின் 2024-ஆம் ஆண்டு முதல் அறிவிக்கையிலும் டேராடூன் ராணுவ அகாடமியின் 100 இடங்களில் 13 'சி' சான்றிதழ்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆங்கில வினாத்தாளைக் கண்டு மிரளும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சிறப்பு நுழைவு சின்னச் சலுகையல்ல.

ஆனாலும் காகிதம் மட்டும் காப்பாற்றாது. எஸ்.எஸ்.பி.யில் நிரப்பித் தரும் தன்விவரப் படிவத்தில் என்.சி.சி. அனுபவத்துக்கென்றே இடம் உண்டு. நேர்காணல் அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: முகாமில் என்ன பொறுப்பு வகித்தீர்கள், சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள்? கயிறும் பலகையும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்லும் குழுப் பணிகளில், பத்து நாள் முகாமில் அறிமுகமில்லாதவர்களோடு வேலை பார்த்தவர் தயங்க மாட்டார். வருகைப்பதிவுக்காக மட்டும் போனவர் அங்கே அம்பலமாகிவிடுவார்.

இந்த முகாம் அனுபவத்தைப் பெறுவதில்தான் திருவள்ளூர் மாவட்டத்தின் சிக்கல் தொடங்குகிறது. ஆவடியில் டாங்கி செய்யும் மாவட்டம் இது. விஜயந்தா டாங்கிகள் தயாரிக்கப்பட்டதும் இங்கேதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவருக்குக் காலை அணிவகுப்பும் பத்து நாள் முகாமும் கூலி இழப்பு. கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளில் 'பி' சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் 'சி'. முதலாண்டில் சேராதவர் இறுதியாண்டில் விழித்துக்கொண்டு பயனில்லை. பள்ளியில் வாங்கிய 'ஏ' சான்றிதழ் சிறப்பு நுழைவுக்குப் போதாது.

என்.சி.சி.யை மதிப்பீட்டுப் புள்ளி தரும் விருப்பப் பாடமாக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-லேயே சொல்லிவிட்டது. தொழிற்பேட்டை மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கலைக் கல்லூரியிலும் அது நடைமுறைக்கு வர வேண்டும். வேலை பார்த்துப் படிப்பவர் முகாமுக்குப் போனால் அந்த நாட்களுக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும். இது பெரிய செலவல்ல. சிப்காட் நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை வழக்கமான மரக்கன்று விழாக்களோடு நிறுத்திக்கொள்ளாமல், எஸ்.எஸ்.பி. பயிற்சிக்கும் ஒதுக்கட்டும்.

கல்லூரி முதல்வர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கை நாளிலேயே, சிறப்பு நுழைவின் விதிகளை முதலாண்டு மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள்.