"கிரெடிட் கார்டுன்னா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்!": கடைகள் சில கார்டுகளை மறுப்பது ஏன்?

"டெபிட் கார்டு இருந்தா கொடுங்க சார். கிரெடிட் கார்டுன்னா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும்." மொபைல் கடையிலோ நகைக்கடையிலோ பில் போடும் நேரத்தில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சில கடைகளில் 'குறைந்தது 200 ரூபாய்க்கு வாங்கினால்தான் கார்டு' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் விசா போகும், அமெக்ஸ் போகாது. ஆபீஸில் கொடுத்த மீல் கார்டை நீட்டினால், 'இது இங்க எடுக்காதுங்க' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மெஷின் கண்ணெதிரே இருக்கிறது. கணக்கில் பணமும் இருக்கிறது. பிறகு ஏன் மறுக்கிறார்கள்? வரி கட்டாமல் தப்பிக்கப் பார்க்கிறார் என்று சட்டென முடிவு கட்டிவிடுகிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறு. கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. அது உங்கள் பில்லில் தெரியாது. கடைக்காரரின் வங்கிக் கணக்கில்தான் தெரியும்.

அந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது?

இதற்கு எம்.டி.ஆர். என்று பெயர். கார்டு விற்பனைக்காகக் கடைக்காரர் தரும் கட்டணம். இதை மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள்: உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி, கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி, நடுவில் இருக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க். இதில் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குத்தான். உங்களுக்கு வரும் ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக், ஏர்போர்ட் லவுஞ்ச் எல்லாவற்றுக்கும் பணம் வரும் வழிகளில் இது முக்கியமானது.

எல்லாக் கார்டுக்கும் ஒரே கட்டணம் இல்லை என்பதுதான் விஷயமே. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு கடைகளுக்கு மெஷினில் தேய்த்தால் அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதைவிடப் பெரிய கடைகளுக்கு 0.90 சதவீதம், உச்சம் 1,000 ரூபாய். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் கட்டணமே கிடையாது.

கிரெடிட் கார்டுக்கு இப்படி எந்த உச்சவரம்பும் இல்லை. கடையும் வங்கியும் பேசி முடிவு செய்வதுதான். வழக்கமாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அமெக்ஸ் போன்ற கார்டுகளில் இன்னும் கூடுதலாக இருப்பதுண்டு.

50,000 ரூபாய் போனுக்கு ஒரு கணக்கு

நீங்கள் 50,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்குகிறீர்கள். கடை ஓரளவு பெரிய கடை. யுபிஐ அல்லது ரூபே டெபிட் கார்டு என்றால் கடைக்குச் செலவு 0. விசா டெபிட் கார்டு என்றால் அதிகபட்சம் 450 ரூபாய். 2 சதவீதக் கட்டணமுள்ள கிரெடிட் கார்டு என்றால் 1,000 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

இதையே தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 500 ரூபாய் சரக்கில் 5 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 25 ரூபாய். கிரெடிட் கார்டு தேய்த்தால் அதில் 10 ரூபாய் போய்விடும். மெஷின் வாடகை இருந்தால் அதுவும் இதிலிருந்துதான். 'மினிமம் 200 ரூபாய்' என்ற போர்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

பெட்ரோல் பங்க் முதல் அமேசான் வரை

சின்னக் கடைகள் மட்டுமே இப்படி என்று நினைக்க வேண்டாம். பணமதிப்பு நீக்கம் முடிந்த கையோடு, 2017 ஜனவரியில், பெட்ரோல் பங்க் உரிமையாளர்கள் இனி கார்டு வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். கார்டு விற்பனைக்குக் கட்டணம் பிடிக்கப்போவதாகச் சில வங்கிகள் சொன்னதுதான் காரணம். லிட்டருக்கு இவ்வளவு கமிஷன் என்று முன்பே நிர்ணயித்துவிட்ட தொழிலில், புதுக் கட்டணத்தை எங்கிருந்து கொடுப்பது என்று கேட்டார்கள். மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் பிரச்சினை அடங்கியது.

2021 நவம்பரில், பிரிட்டனில் வழங்கப்பட்ட விசா கிரெடிட் கார்டுகளை இனி ஏற்க மாட்டோம் என்று அமேசான் நிறுவனமே அறிவித்தது. கட்டணம் அதிகம் என்பதுதான் அங்கேயும் புகார். கடைசி நேரத்தில் அந்த முடிவைத் தள்ளிவைத்து, பிறகு சமரசம் ஆனது. அமேசானுக்கு விசாவோடு பேரம் பேசத் தெம்பு இருக்கிறது. நம் ஊர் ஸ்டேஷனரி கடைக்காரரால் முடிந்தது, 'கார்டு வேண்டாம்' என்பது மட்டும்தான்.

மீல் கார்டும் யுபிஐ கிரெடிட்டும்

மீல் கார்டு கதை கொஞ்சம் வேறு. உணவுக்காக நிறுவனம் தரும் பணம் என்பதால் அது உணவு, மளிகை விற்கும் இடங்களில் மட்டுமே செல்லும். கடையின் மெஷின் வேறு தொழில் பிரிவில் பதிவாகியிருந்தாலோ, அந்தக் கார்டு நிறுவனத்தோடு கடை இணையாமல் இருந்தாலோ பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். இதில் கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கும் வசதி 2022 செப்டம்பரில் வந்தது. க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணும்போது 'இங்கே கிரெடிட் கார்டு ஏற்கப்படாது' என்று ஆப் சொன்னால் குழம்ப வேண்டாம். யுபிஐ இலவசம் என்றாலும் அதில் கிரெடிட் கார்டு வந்து சேர்ந்தால் கட்டணமும் கூடவே வந்துவிடும். சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை மட்டும் விலக்கு உண்டு.

கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

டெபிட் கார்டு என்றால், வேண்டாம். எம்.டி.ஆர். கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறிக் கேட்டால் பில்லையும் சார்ஜ் ஸ்லிப்பையும் வாங்கி வையுங்கள். மெஷின் எந்த வங்கியுடையது என்பது ஸ்லிப்பில் இருக்கும். அந்த வங்கியிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கிரெடிட் கார்டில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. வங்கியோடு கடை போட்ட ஒப்பந்தம் பெரும்பாலும் கூடுதல் வசூலை அனுமதிப்பதில்லை. ஆனாலும் நடைமுறையில் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம். அப்படிக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு: 2 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து 1 சதவீத ரிவார்டு வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

யார் சுமப்பது?

கூடுதலாகக் கேட்காத கடைகள் அந்தச் செலவை என்ன செய்கின்றன? பெரும்பாலும் விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. அதாவது, பக்கத்து கவுன்டரில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கும் அம்மாவும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்கு ரிவார்டு பாயின்ட் இல்லை, லவுஞ்ச் இல்லை. நமக்குக் கிடைக்கும் கேஷ்பேக்கில் ஒரு பங்கை அவரும் கட்டுகிறார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கசப்பான பகுதி.

எல்லாவற்றையும் இலவசமாக்குவதும் தீர்வாகாது. யுபிஐயை ஓட்டுவதற்கும் செலவு உண்டு. 2024-25 நிதியாண்டுக்குச் சிறு தொகை யுபிஐ பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க மத்திய அரசு ஒதுக்கிய மதிப்பீடு 1,500 கோடி ரூபாய். கடைக்காரர் கொடுக்காததை வரிப்பணம் கொடுக்கிறது.

நடுவழி ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டணத்தில் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கை, தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரிலேயே கட்டுப்படுத்திவிட்டது. அங்கே யாரும் கார்டை விட்டுவிடவில்லை. இங்கே டெபிட் கார்டுக்கு வரம்பு வைத்த ரிசர்வ் வங்கி, குறைந்தபட்சம் சிறு கடைகளுக்காவது கிரெடிட் கார்டுக்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும். கூடவே, எந்தக் கார்டு செல்லும், எது செல்லாது என்பதைக் கடை வாசலிலேயே எழுதி வைப்பதைக் கட்டாயமாக்கலாம். பில் போட்டு முடித்த பிறகு '2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா' என்பது யாருக்கும் நியாயமில்லை.

அதுவரை, தெருமுனைக் கடையில் யுபிஐ அல்லது ரூபே டெபிட் கார்டு கொடுங்கள். கிரெடிட் கார்டைப் பெரிய கடைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்குப் போவது ஓரிரு ரிவார்டு பாயின்ட். அந்தக் கடைக்காரருக்கு நிற்பது அன்றைய லாபம்.