கப்பல் புகையும் வெள்ளை மேகமும்

நடுக்கடலில் கப்பல் போகிறது. அதன் புகை மேலே எழும்பி மேகத்தில் கலக்கிறது. சிறிது நேரத்தில், கப்பல் போன வழியெல்லாம் மேகத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது! 1960-களிலேயே செயற்கைக்கோள் படங்களில் இந்தக் கோடுகளை விஞ்ஞானிகள் கண்டார்கள்.

கரும்புகை வெள்ளைக் கோடு போடுவது எப்படி?

மேகம் என்பது மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். காற்றில் உள்ள நீராவி தானாகத் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். தூசு, கடல் உப்பு, புகைத் துகள் ஆகியவற்றில்தான் அது ஒட்டுகிறது. துகள்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நிறைய நீர் கிடைக்கும், துளி பெரிதாகும். புகையால் துகள்கள் பெருகினால், அதே நீரைப் பல துகள்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பானைச் சோற்றை நாலு பேர் சாப்பிடுவதற்கும் நாற்பது பேர் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் இல்லையா? துளிகள் சிறுத்துவிடுகின்றன.

சிறு துளிகளால் ஆன மேகம் அதிக வெண்மையாக இருக்கும். கற்கண்டைப் பாருங்கள். கட்டியாக இருக்கும்போது கண்ணாடி போல் இருக்கிறது. இடித்துப் பொடியாக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகிறது. அப்படித்தான் இதுவும். வெள்ளை மேகம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கீழே கடல் சூடு குறைகிறது. ஷான் டூமி என்ற விஞ்ஞானி 1970-களில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

விஷப் புகை

கப்பல் எண்ணெயில் கந்தகம் அதிகம். அதன் புகையால் துறைமுக ஊர்களில் மூச்சு நோயும் இருதய நோயும் வந்தன. ஆகவே ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கட்டுப்பாடு விதித்தது. முன்பு எண்ணெயில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது.

புகை சுத்தமாயிற்று. வெள்ளைக் கோடுகளும் வெகுவாகக் குறைந்தன. கடல் மேல் கூடுதல் வெயில் விழுகிறது. 2023-ல் வட அட்லாண்டிக் கடலின் சூடு முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. இதில் புகை குறைந்ததன் பங்கு எவ்வளவு? சொற்பம் என்கிறார்கள் சிலர். கணிசம் என்கிறார்கள் வேறு சிலர். வாதம் ஓயவில்லை.

அதற்காகப் பழைய எண்ணெய்க்கே திரும்பலாமா? கூடாது என்பதே நம் கருத்து. புகைத் துகள் சில நாட்களில் மழையோடு கீழே வந்துவிடும். பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். அந்தச் சூட்டில் ஒரு பகுதியைத்தான் புகை இத்தனை நாளும் மறைத்து வந்தது.

புகையே இல்லாமல் மேகத்தை வெளுக்க முடியுமா என்றும் ஆராய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு, கடல் சூட்டால் அழிந்து வருகிறது. அங்கே 2020-ல் கடல் நீரையே நுண்ணிய தூவானமாகக் காற்றில் தெளித்துப் பார்த்தார்கள். அதில் உள்ள உப்புத் துகள்கள் மேலே போய் மேகத் துளிகளைச் சிறிதாக்க வேண்டும் என்பது திட்டம்.